அண்ணைக்குக் கொடுக்க வேண்டியது

எனக்கு ஆட்கள் முன்னால் கதைக்க வராது. கடைக்கு நூல் வாங்கப் போனாலும், கடைக்காரர் மற்ற எல்லாரையும் அனுப்பி முடிக்கும்வரை ஒரு ஓரத்தில் நிற்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை தைப்பதுதான் என் வேலை. அளவு எடுக்கும்போது தாய்மார் கதைப்பார்கள், நான் தலையாட்டுவேன். அப்படிப்பட்ட நான் ஒருநாள் ஆஸ்பத்திரியில், தெரியாத ஆட்களுக்கு நடுவில், வாயைத் திறந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டி வந்தது. அது மலத்தைப் பற்றிய விஷயம். எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் அந்த நாட்களில் எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அண்ணைக்குச் சண்டிலிப்பாயில் தோட்டம். வெங்காயமும் புகையிலையும் மாறி மாறி வைப்பார். முன் வீட்டில் அவரும் அண்ணியும் இருக்கிறார்கள். அதே வளவுக்குள் பின்பக்கம் ஒரு அறையும் குசினியும் எனக்கு. கிணறும் கக்கூசும் பொது. அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். நான் தங்கச்சி, கலியாணம் செய்யவில்லை. எனக்கு என்று சொல்ல அண்ணை ஒருவர்தான்.

அவருக்குக் கன காலமாக நீரிழிவு, நாங்கள் சொல்லுகிற சீனி வருத்தம். தோட்டத்தில் மண்வெட்டி காலில் பட்டதைப் பெரிதாக எடுக்காமல் விட்டுவிட்டார். புண் பழுத்து, ஒரு விரலை எடுத்து, கிழமைக்கணக்கில் ஊசியும் மருந்தும் ஏற்றினார்கள். புண் ஆறியது. வீட்டுக்கு வந்து நாலாம் நாள் வயிற்றால் போகத் தொடங்கியது. முதலில் சாப்பாடு பிழைத்துவிட்டது என்று நினைத்தோம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை போனது. ஆஸ்பத்திரியில் அதற்கு மருந்து கொடுத்தார்கள், நின்றது. மருந்து முடிந்து ஒரு கிழமையில் திரும்பவும் தொடங்கியது. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை அவரை ஓட்டோவில் ஏற்றும்போது, நான் ஒரு பக்கம் பிடித்தேன். அவருடைய கை எலும்பு என் விரல்களுக்குள் முழுதாக அடங்கியது. வெங்காய மூட்டையைத் தனியாகத் தூக்கி முதுகில் போடுகிற கை அது. எனக்கு அப்போதுதான் முதல்முதலாக அவர் செத்துப்போய்விடுவார் என்ற பயம் வந்தது.

வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் ஒரு இளம் பெண். சின்ன ஆள், கெதியாகக் கதைப்பார். அவர் எங்களைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்தி விளக்கம் சொன்னார்.

"ஐயாவின்ரை குடலுக்குள்ளை கோடிக்கணக்கிலை நல்ல கிருமியள் இருந்தவை. கால் புண்ணுக்குக் குடுத்த மருந்து கெட்டதோடை சேர்த்து அதுகளையும் அழிச்சுப் போட்டுது. இப்ப உள்ளை வெறும் இடம். அந்த வெறும் இடத்திலை ஒரு கெட்ட பக்டீரியா குடியிருந்து கொண்டு எழும்ப மாட்டன் எண்டு நிக்குது."

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர், மெல்லச் சொன்னார். "தோட்டத்துக்கு மருந்து கூட அடிச்சால் எல்லாம் சாகும் பிள்ளை. பிறகு முதல் முளைக்கிறது கோரைதான். புடுங்கப் புடுங்க வரும்."

"அதேதான் ஐயா. நான் இனிமேல் எல்லாருக்கும் உதைத்தான் சொல்லப் போறன்."

அண்ணி கேட்டா, "அப்ப தயிர் குடுத்தால் நல்ல கிருமி வராதோ டொக்டர்? நாங்கள் வீட்டிலை உறை குத்தின தயிர் குடுக்கிறனாங்கள்."

"குடுங்கோ, பிழையில்லை. ஆனால் தயிரிலை இருக்கிறது பாலிலை வளருற கிருமி. விருந்துக்கு வந்திட்டுப் போயிடும். மனுசன்ரை குடலுக்குள்ளையே பிறந்து வளர்ந்து பழகின கிருமியள்தான் அங்கை குடியிருக்கும். அதுகளை எடுத்து வளர்த்து, மாத்திரையாய்ச் செய்யலாமோ எண்டு கன பேர் ஆராய்ச்சி செய்யினம். ஐயாவாலை அதுவரைக்கும் பொறுக்க ஏலாது. இப்ப எங்களிட்டை இருக்கிற வழி, நல்ல சுகமான ஒரு ஆளின்ரை மலத்தை எடுத்து, கரைச்சு வடிச்சு, குழாயாலை ஐயாவின்ரை குடலுக்குள்ளை விடுறது."

வாட்டில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணை ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போய்த் தேவாரம் படிக்கிறவர். முட்டைகூடத் தொடமாட்டார். அவர் எழும்பிக் கத்துவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணைத் திறந்து, "ஆரின்ரையை?" என்று மட்டும் கேட்டார்.

ஆர் கொடுப்பது என்பதுதான் பிறகு பெரிய கதையாகப் போய்விட்டது. அண்ணி உடனே தன்னுடையதைத் தருவதாகச் சொன்னா. டொக்டர் அவவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்து, ஏலாது என்று சொல்லிவிட்டார். அண்ணிக்குச் சலம் போகிற வழியில் கிருமி வந்து அன்ரிபயோடிக் குடித்து முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதோடு சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இருந்தபோது அவ மஞ்சள் காமாலை வந்து சாகக் கிடந்தவ. அது எந்தக் காமாலை என்று ஒருவருக்கும் தெரியாது.

"சில காமாலைக் கிருமி வருசக்கணக்கிலை உடம்புக்குள்ளை ஒளிச்சிருக்கும். அன்ரியிட்டை இருக்கு எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் சோதிக்காமல் ஒருத்தரின்ரையும் எடுக்க ஏலாது. ஐயா இப்ப இருக்கிற நிலையிலை இன்னொரு கிருமி உள்ளை போனால் தாங்கமாட்டார். ஒரு காய்ச்சல் காணும், ஆளைக் கொண்டுபோக."

ஒரு காய்ச்சல் காணும் என்று அவர் சொன்னது என் காதில் ஊசி மாதிரிப் போய் இருந்தது.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. மருந்துக் குளிசை போட்டதும் நினைவில்லை. டொக்டர் என் பக்கம் திரும்பி, "அன்ரிக்கு வயிறு எப்பிடி? ஒழுங்காய்ப் போறதோ?" என்று கேட்டார். அண்ணிதான் சொன்னா.

"அவவுக்கோ? காலமை ஐஞ்சரை. நாங்கள் மணிக்கூடு பாக்கிறதில்லை டொக்டர், கக்கூசுக் கதவுச் சத்தத்திலை எழும்புவம்."

டொக்டர் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். அண்ணை என்னைப் பார்த்து, "சின்னனிலை நான் சாப்பிட்ட கோப்பையிலை மிச்சம் சாப்பிட்டவள் இவள். இப்ப இவளின்ரை மிச்சம் எனக்கு" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, இருமினார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

என் இரத்தத்தையும் மலத்தையும் சோதித்து மறுமொழி வர இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தது. அந்த நாட்களில் எனக்குத் தையல் ஓடவில்லை. ஏதாவது பெயர் தெரியாத வருத்தம் எனக்குள் இருப்பது தெரிய வந்துவிடுமோ என்ற பயம். அதைவிட, நான் சரிவராமல் போனால் அண்ணைக்கு வேறு ஆள் இல்லையே என்ற பயம். மறுமொழி நல்லபடி வந்தது. நாள் குறித்தார்கள். வெள்ளை மூடி போட்ட ஒரு பிளாஸ்ரிக் போத்தல் தந்தார்கள். அன்று காலையில் போனதை அதில் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவர வேண்டும். வழக்கமான சாப்பாடு சாப்பிடச் சொன்னார்கள். குளிசை ஒன்றும் போட வேண்டாம் என்றார்கள்.

அதே இடத்தில் நின்றுதான் தாதி அண்ணைக்கும் சொன்னார். முதல் நாள் ஒரு மருந்துத் தண்ணீர் தருவார்களாம். அதைக் குடித்து, குடலில் உள்ளதெல்லாம் போக வயிற்றைக் கழுவ வேண்டுமாம்.

நான் இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் வீட்டில் பெரிய விரதம் பிடிக்க முன்னம் பேதி குடிப்பது வழக்கம். ஆமணக்கெண்ணெய்யும் நிலாவாரைக் கசாயமும் குடித்து, வயிறு கழுவி, கிணற்றில் தலை முழுகித்தான் விரதத்தைத் தொடங்குவோம். வயிற்றுக்குள் பழசை வைத்துக்கொண்டு கடவுளுக்கு முன்னால் போகக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கோயிலில் கொடுக்கிறவரும் முழுகிவிட்டுத்தான் கொடுப்பார், வாங்குகிறவரும் முழுகிவிட்டுத்தான் வாங்குவார். அண்ணை வயிற்றைக் கழுவிவிட்டுக் காத்திருக்கப் போகிறார். நான் மட்டும் கழுவாமல் கொடுப்பதா? என் அண்ணையின் உடம்புக்குள் போகப்போவது என்னுடைய பழைய ஊத்தையாக இருக்கக்கூடாது. முதலில் எல்லாம் போகட்டும், பிறகு புதிதாகச் சாப்பிட்டு வருவதைக் கொடுப்போம் என்று நினைத்தேன். நிலாவாரை இலைதானே, குளிசை இல்லையே. டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க வெட்கம். அண்ணியிடமும் சொல்லவில்லை.

குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னம் காலையில் குடித்தேன். நன்றாகப் போனது. மோர் குடித்து நிற்பாட்டினேன். அடுத்த நாள் ஒன்றும் இல்லை. பேதி குடித்தால் அப்படித்தான் இருக்கும், நாளைக்கு வரும் என்று இருந்தேன்.

குறித்த நாள் காலை ஐந்தரைக்குப் போய் இருந்தேன். ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து சுடுதண்ணீர் குடித்தேன். பிளேன்ரீ குடித்தேன். இரண்டு கதலிப்பழம் சாப்பிட்டேன். வளவைச் சுற்றி நடந்தேன். திரும்பப் போய் இருந்தேன். உள்ளே வெறும் பானை மாதிரி இருந்தது. முக்கி முக்கிக் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. வெளியில் ஓட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணை நேற்றுப் பின்னேரம் முழுக்க அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்து, இருந்த கொஞ்சப் பலத்தையும் போகவிட்டு, இப்போது பட்டினியாகக் கட்டிலில் கிடக்கிறார். எனக்காகக் கிடக்கிறார்.

கதவைத் தட்டினா அண்ணி. "மச்சாள், என்ன? நேரம் போகுது."

நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

"மச்சாள்."

கதவைத் திறந்தேன். போத்தலை நீட்டிக் காட்டினேன். வெறும் போத்தல். பிறகு விக்கி விக்கி, பேதி குடித்ததைச் சொன்னேன். அண்ணி ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை. அப்படியே கிணற்றுக் கட்டுக்கு மேல் இருந்துவிட்டா.

"நேற்று அவரை அந்த நிலையிலை பாக்க என்னாலை ஏலாமல் போச்சுது" என்றா. "வாளிக்கு மேலை இருக்க வைச்சுப் பிடிச்சுக் கொண்டு நிண்டனான். என்ரை தோளிலை தலையை வைச்சிட்டு நித்திரை கொண்டிட்டார். திரும்ப ஒருக்கால் அந்தத் தண்ணி குடிக்க அவருக்குச் சீவன் இல்லை மச்சாள்."

அண்ணி எழும்பி என் கையில் இருந்த போத்தலை வாங்கினா. "நாங்கள் ரெண்டு பேரும் இருவது வருசமாய் ஒரு பானைச் சோறு திண்டிருக்கிறம். உங்கடை வயித்திலை இருக்கிறதுதானே என்ரை வயித்திலையும் இருக்கும். விலத்துங்கோ."

"அண்ணி, டொக்டர் உங்களுக்கு..."

"டொக்டர் சொல்லுவா. அவவுக்கு அவர் ஒரு கட்டில் நம்பர்."

அவ உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. நான் வெளியே நின்றேன். கையை நீட்டித் தடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணி என்னைவிட மூத்தவ. அந்த வீட்டில் அவ சொல்லி நான் மறுத்த நாள் கிடையாது. அது மட்டும் காரணம் என்றால் பொய். போத்தல் நிரம்பினால் என் பிழை மறைந்துவிடும் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது.

ஓட்டோவில் ஏறியதும், அண்ணி போத்தலை ஒரு பைக்குள் வைத்து என் மடியில் வைத்தா. சூடாக இருந்தது. ஓட்டோக்காரர் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர். "என்னக்கா, அண்ணைக்குச் சாப்பாடோ?" என்று கேட்டார்.

"ஓம், கஞ்சி. கெதியாய் விடுங்கோ, ஆறிப்போடும்" என்றா அண்ணி.

மானிப்பாய் தாண்டும்வரை நான் மூச்சு விட்டேனோ தெரியாது. மடியில் இருந்த சூடு சேலைக்கு மேலால் தொடையில் பட்டது. காமாலைக் கிருமி வருசக்கணக்கில் ஒளிச்சிருக்கும் என்று டொக்டர் சொன்னது வந்து வந்து போனது. இந்தப் பைக்குள் அது இருக்கிறதோ இல்லையோ, எனக்கு எப்படித் தெரியும்? ஆனைக்கோட்டையில் ஓட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது, பை கீழே விழுந்து உடையட்டும் என்று மனதுக்குள் கேட்டேன். ஆனாலும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் தாதி போத்தலை வாங்கி, ஒரு கடுதாசித் துண்டில் என் பெயரை எழுதி ஒட்டினார். ஒரு கடுதாசியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இண்டைக்குக் காலமை எடுத்ததுதானே?"

தலையாட்டினேன்.

"காய்ச்சல், வயித்தோட்டம் ஒண்டும் இல்லைத்தானே? குளிசை போடேல்லைத்தானே?"

தலையாட்டினேன்.

"உங்கடைதானே?"

அதை அவர் பகிடி மாதிரித்தான் கேட்டார். வேறு ஆரின்ரையைக் கொண்டு வருவார்கள்? அதற்கும் தலையாட்டினேன். பேனையைத் தந்தார். கையெழுத்து வைத்தேன். அவர் போத்தலை எடுத்துக்கொண்டு ஒரு கதவுக்குள் போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

நானும் அண்ணியும் சுவரோரம் போட்டிருந்த நீட்டு மர வாங்கில் இருந்தோம். அண்ணி வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு இருந்தா. எதிரில் ஒரு யன்னல், வெளியில் வேப்பமரம். அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கரைப்பார்களாம், வடிப்பார்களாம், அதற்கு நேரம் எடுக்கும். இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு, நேரம் போய்விட்டால் நல்லது, அதற்குப் பிறகு என்னால் செய்ய ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த வாங்கில் இருந்துகொண்டு, எல்லாம் முடிந்துவிடட்டும் என்று நான் காத்திருந்தேன்.

அப்போது அண்ணையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு முன்னால் வண்டி கொஞ்சம் நின்றது. ஆஸ்பத்திரிப் பச்சைச் சட்டைக்குள் சின்னப் பிள்ளை மாதிரிக் கிடந்தார். முகம் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, என்னாலை கரைச்சல் பட்டுப் போனாய் என்ன" என்றார். "வெக்கப்படாதை. ஆருக்கும் சொல்லமாட்டன்."

வண்டி உருண்டு அந்தக் கதவுக்குள் போனது.

நான் எழும்பிவிட்டேன். அண்ணி என் சேலையைப் பிடித்தா. "இருங்கோ மச்சாள்" என்றா. மெல்லத்தான் சொன்னா, ஆனால் பிடி இறுக்கம். நான் இழுத்துக்கொண்டு நடந்தேன். கதவைத் தள்ளினேன். உள்ளே போகக்கூடாது என்று ஒருவர் சொன்னார். டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அன்ரி?"

கை காட்டினேன். மேசையில் அந்தப் போத்தல், இன்னும் மூடியோடு இருந்தது.

"அது என்ரை இல்லை."

"என்ன?"

"அது என்ரை இல்லை டொக்டர். எனக்கு வரேல்லை. நான் பேதி குடிச்சனான். அது அண்ணியின்ரை."

அண்ணையும் கேட்டிருப்பார். அவர் கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது. டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். கோபத்தில் அவருக்குக் கழுத்துச் சிவந்திருந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"ஏன் பேதி குடிச்சனீங்கள்?"

"அண்ணையும் குடிச்சவர்தானே. நான் சுத்தமாய்க் குடுப்பம் எண்டு..."

அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டு நிறுத்தினார். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். "அன்ரி, எங்களுக்கு வேணும் எண்டதே நீங்கள் கழுவி விட்டதுதான்" என்றார். பேதி என்னுடைய நல்ல கிருமிகளையும் குறைத்திருக்கும், ஆனால் அவை திரும்பப் பெருகும், பத்து நாளாவது விட வேண்டும் என்றார். அதுவரைக்கும் அண்ணையைப் பழைய மருந்தில் பிடித்து வைக்கப் பார்ப்பாராம்.

"பிடிச்சு வைப்பியளோ?" என்று அண்ணி கேட்டா.

"பாப்பம்."

அந்தப் பாப்பம் என்ற சொல்லைக் கேட்டு அண்ணி என் பக்கம் திரும்பினா. அழவில்லை. "பத்து நாளுக்குள்ளை அவர் போனால், அது உங்களாலைதான் மச்சாள்" என்றா. பிறகு என்னோடு கதைக்கவில்லை.

அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணி கதைக்காமலே எனக்குச் சமைத்தா. முந்தி நான் என் குசினியில் பாதி நாள் பாணும் சம்பலுமாக முடிப்பேன், மற்ற நாள் அண்ணியின் பானைச் சோறு. இப்போது மூன்று நேரமும் என் வாசலில் சோற்றுக் கோப்பை வந்தது. குத்தரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், பயற்றங்காய், பூசணி, உறை குத்திய தயிர். காலையில் வெங்காயம் கடித்துக்கொள்ளப் பழஞ்சோறு. கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை முற்றத்தில் நிற்பா. மாட்டுக்கு வைக்கிற மாதிரி என்று ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அவவின் கையைப் பார்த்தேன். காப்பு மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை ஓடியது. எனக்கு வைத்ததில் பாதிகூட அவ சாப்பிடவில்லை.

நான் ஒவ்வொரு கவளத்தையும் பயந்து பயந்து விழுங்கினேன். கறி உறைத்தால் பயம். வயிறு இரைந்தால் பயம், இரையாவிட்டாலும் பயம். நாலாம் நாள்தான் ஒழுங்காகப் போனது. கக்கூசுக் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அண்ணி கிணற்றடியில் வாளியோடு நின்றா. நான் தலையாட்டினேன். அவ ஒன்றும் சொல்லாமல் கப்பியில் கயிற்றை விட்டா.

ஆறாம் நாள் அண்ணைக்கு இரத்த அழுத்தம் விழுந்தது. போனில் தகவல் வந்து இரண்டு பேரும் ஓடினோம். கண் திறக்கவில்லை. சேலைன் இரண்டு கையிலும் ஏறியது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் வயிற்றால் போவது நின்று எழும்பி இருந்திருப்பார் என்று நினைத்தேன். ஒரு மனிதனைக் கொல்வதற்கு உண்மை சொன்னாலும் காணும் போல இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார்.

இந்த முறை அண்ணையின் நிலையைப் பார்த்து அந்த மருந்துத் தண்ணீரைக் கொடுக்கவில்லை. பத்தாம் நாள் நான் வீட்டில் இருந்து கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கக்கூசுக்குள் நான், வெளியில் தாதி.

"கதவைப் பூட்ட வேண்டாம் அக்கா."

"ஓம்."

"நான் அங்காலை பாத்துக்கொண்டு நிக்கிறன், நீங்கள் ஆறுதலாய் இருங்கோ."

என் வாழ்நாளில் அப்படியொரு வெட்கத்தை அனுபவித்ததில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அண்ணையின் முகத்தைத்தான் நினைத்தேன். மூடியை இறுக்கிப் போத்தலைத் தாதியின் கையில் கொடுத்தேன்.

"உங்கடைதானே?" என்று கேட்டார் அவர். இந்த முறை பகிடியாகக் கேட்கவில்லை.

"ஓம், என்ரை" என்றேன்.

அதை அண்ணையின் குடலுக்குள் விட்டபிறகு, முதல் இரண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் ஆறு தடவை போனது. ஐந்தாம் நாள் இரண்டு. டொக்டர் வந்து சுகம் கேட்ட நேரம், அண்ணை ஒரு கோப்பை இடியப்பம் முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். நான் அங்கே இல்லை. வீட்டில் மெஷினுக்கு முன்னால் இருந்தேன், தைக்கவில்லை. போன் அடித்தால் நெஞ்சு அடைக்கும். நல்ல சேதிக்கும் அப்படித்தான் அடைத்தது.

அவர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் போனபிறகு, ஒருநாள் பின்னேரம் அண்ணி என் அறைக்கு வந்தா. அதற்குள் தேவைக்கு ஒன்றிரண்டு வார்த்தை கதைக்கத் தொடங்கியிருந்தோம், அவ்வளவுதான். கையில் ஒரு கடுதாசி. டொக்டர் சொல்லி அவவும் இரத்தம் கொடுத்துச் சோதித்திருக்கிறா. எனக்கு அது தெரியாது. நான் தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு மேல் கடுதாசியை வைத்தா.

"ஒண்டும் இல்லையாம். காமாலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை."

நான் அந்தக் கடுதாசியைப் பார்த்தேன். இங்கிலீசில் இருந்தது. எனக்கு அது வாசிக்கத் தெரியாது. அந்த ஆறாம் நாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றதுதான் கண்ணில் வந்தது. ஒன்றும் இல்லாததற்காக அவரைப் பத்து நாள் சாவோடு கிடக்க விட்டேனா?

"அண்டைக்கே குடுத்திருக்கலாம்" என்றா அண்ணி.

வழக்கம் என்றால் தலையாட்டியிருப்பேன்.

"அண்டைக்கு எங்களுக்குத் தெரியாதே அண்ணி" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இருந்திருந்தால்?"

அண்ணி நின்றா. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்தா. தோட்டத்துப் பக்கம் அண்ணை யாரோடோ தண்ணீர் இறைக்கிற முறை பற்றிச் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

"இரவைக்குப் புட்டு அவிக்கப் போறன்" என்றா அண்ணி. "நீங்களும் அங்கை வாங்கோ, இங்கை கொண்டுவர எனக்கு ஏலாது."

"வாறன்" என்றேன்.